சபையில் வாய் திறத்தல்

மனிதனைப் பிடித்து ஆட்டும் பயங்களில் பாம்புப் பயம், பேய்ப் பயம், கடன்காரன் பயம் முதலியவற்றைப் பற்றி நம் பெரியோர்கள் நிறையச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் இவை யாவற்றையும் தூக்கியடிக்கும் பயம் ஒன்று உண்டு. பத்துப் பேருக்கு முன்னால் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டுமே என்ற பயந்தான் அது! பாம்பைக் கண்டால் ஓடலாம். கடன்காரனைக் கண்டால் ஒளியலாம். “இப்போது நமது நண்பர் இரண்டொரு வார்த்தைகள் பேசுவார்” என்று அக்கிராசனர் அறிவித்துவிட்டாலோ, ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. கால் நடுங்குகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது, தெரிந்த விஷயமெல்லாம் எங்கேயோ யாத்திரை போய்விடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பயம் படித்தவர்களைத்தான் அதிகமாகப் பிடிக்கிறது. சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாளுக்கு இந்த வியாதி கிடையாது. ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் தன் சரக்கின் பெருமையை அவர் தங்கு தடையின்றி எடுத்துச் சொல்கிறார். பி.ஏ. படித்தவருக்கும் எம்.ஏ. படித்தவருக்குந்தான் தொண்டை அடைக்கிறது.

மதுரை கே.கே. நகரில் ஒரு குடும்பஸ்தர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மாட்டுத்தாவணிப் பஸ் நிலையமும் வண்டியூர்க் கண்மாயும் அவருக்கு அக்கம் பக்கம். காலையில் காபியும் பத்திரிகையுமாக உட்கார்ந்துவிட்டாரானால், டில்லி ராஜாங்கம் முதல் மதுரை மாநகராட்சி வரையில் எல்லோரையும் ஒரு கை பார்த்துவிடுவார். தம் தெருவில் மழைத் தண்ணீர் வடியாததற்குக் காரணம் என்ன, எந்த இடத்தில் கால்வாய் அடைத்துக் கொண்டிருக்கிறது, அதைச் சீர்ப்படுத்த என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். இவ்வளவையும் அவர் யாரிடம் சொல்கிறார் தெரியுமா? காபி டம்ளரிடம்!

தமிழ்நாட்டு நகரங்களில் 2022-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. கிராமத்தார் கிராம சபையில் கேள்வி கேட்பது போல நகரத்தாரும் தங்கள் வார்டுக் காரியங்களைப் பற்றி நேருக்கு நேர் கேட்பதற்கென்று ஏற்பட்ட சபைகள் இவை. மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். அப்படிப்பட்ட சபை ஒன்றுக்கு நம் குடும்பஸ்தரும் போகிறார். கடைசி வரிசையில் உட்காருகிறார். “யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேட்கிறார்கள். அவர் தலையைக் குனிந்து கொள்கிறார். அடுத்த தெருக்காரர் ஒருவர், படிப்பில் இவருக்குப் பாதிகூட இல்லாதவர், எழுந்து தம் தெரு விளக்கைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசிவிட்டு உட்காருகிறார். குறித்துக் கொள்கிறார்கள். பேசினவர் தெருவுக்கு வெளிச்சம் வருகிறது. பேசாதவர் தெருவில் தண்ணீர் நிற்கிறது.

ஆகையால் சபையில் பேசுவது என்பது அரசியல் தலைவர்களுக்கும் கதாகாலட்சேபக்காரர்களுக்கும் மட்டுமே ஏற்பட்ட வித்தை என்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், குடியிருப்போர் சங்கம், உத்தியோகத்துக்கான நேர்முகத் தேர்வு, அலுவலகத்தில் மேலதிகாரிகள் முன் ஒரு திட்டத்தை விளக்குவது இவையெல்லாம் சபைகளே. ஜனநாயக தேசத்தில் வோட்டுப் போடுவது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. வாய் திறப்பதற்கோ வருஷம் முழுவதும் சந்தர்ப்பம் இருக்கிறது.

* * *

இந்தச் சந்தர்ப்பம் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

தமிழ் மிகப் பழமையான பாஷைதான். ஆனால் மேடையில் நின்று வசனத்தில் பிரசங்கம் செய்யும் வழக்கம் தமிழில் அவ்வளவு பழமையானதல்ல. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம்முடைய முதற் பிரசங்கத்தைச் செய்தது 1847-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி. பாதிரிமார்கள் வேதப் பிரசாரத்துக்குக் கையாண்ட அதே முறையைச் சைவத்துக்குப் பயன்படுத்தினார் அவர். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்று பட்டம் அளித்ததும் இந்த நாவன்மைக்காகத்தான்.

பின்னர் சுதேசி இயக்கம் வந்தது. 1907-ஆம் வருஷம் மே மாதத்தில் வங்காளத்து விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் வந்து முழங்கினார். ஆனால் அவர் முழங்கியது இங்கிலீஷில். மறு வருஷம் தூத்துக்குடியில் மில் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் கூடிய கூட்டங்களில் தமிழிலேயே பேசி ஜனங்களைத் தட்டி எழுப்பினார்கள் இரண்டு பேர். ஒருவர் கப்பலோட்டிய வ.உ. சிதம்பரம் பிள்ளை. மற்றொருவர் அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா.

அவர்கள் பேசிய பேச்சுக்குச் சர்க்கார் கொடுத்த விலை என்ன? 1908 ஜூலையில் திருநெல்வேலி ஸெஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 வருஷம். பிள்ளைக்கு, பேசியதற்கு 20 வருஷமும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு 20 வருஷமும். அப்பீலில் தண்டனை குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் சிவா சிறையிலிருந்து வெளிவந்தபோது குஷ்ட நோயையும் கூடவே கொண்டு வந்தார். 1925-இல் பாப்பாரப்பட்டியில் அவர் காலமாகும் வரையில் அது அவரை விடவில்லை. மேடையில் பேசியதற்காக ஒரு மனிதர் தம் உடம்பையே விலையாகக் கொடுத்தார்.

மதுரையிலேயே கே.பி. ஜானகியம்மாள் இருந்தார். நாடக மேடையில் பாடி நடித்துக் கொண்டிருந்தவர், தேசத் தொண்டில் இறங்கி, இரண்டாவது உலக யுத்தத்தின்போது யுத்த எதிர்ப்புப் பிரசங்கம் செய்து சிறை புகுந்தார். 1967-இல் சட்டசபை அங்கத்தினராகவும் ஆனார்.

பேசினால் சிறை என்று இருந்த காலத்தில் அவர்கள் பேசினார்கள். ‘பேசுங்கள்’ என்று நாற்காலி போட்டு அழைக்கிற காலத்தில் நாம் தலையைக் குனிந்து கொள்கிறோம். இதைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டாமா?

* * *

“அவர்களெல்லாம் பிறவிப் பேச்சாளர்கள் ஐயா! எங்களுக்கு அது வராது” என்று சொல்வீர்கள். பிறவிப் பேச்சாளர் என்று ஒரு ஜாதி உண்டா என்பதே எனக்குச் சந்தேகமாயிருக்கிறது. இரண்டு பேருடைய சரித்திரத்தைச் சொல்கிறேன். இருவரும் மதுரைக்கு வந்து போனவர்கள்.

முதலாமவர், லண்டனில் பாரிஸ்டர் பரீட்சைக்குப் படித்த ஒரு குஜராத்தி வாலிபர். அங்கே சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் அங்கத்தினராயிருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் போவார்; ஒரு தடவைகூட வாய் திறக்க மாட்டார். ஒரு சமயம் முக்கியமான தகராறு ஒன்று வந்தது. தமது அபிப்பிராயத்தைச் சொல்லாமலிருப்பது தவறு என்று அவருக்குப் பட்டது. எனவே அதைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போனார். எழுதியதை வாசிக்கவும் தைரியம் வரவில்லை. வேறொருவர் வாசித்தார். பின்னர் தாய்நாட்டுக்குத் திரும்புமுன் சிநேகிதர்களுக்கு விருந்து வைத்தார். ஹாஸ்யமாகச் சிறிது பேச வேண்டுமென்று ஆயத்தம் செய்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. வந்தனம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தியாவுக்கு வந்து பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது; கோர்ட்டே சுற்றியது; ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. வாங்கின பீஸ் 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

அவர்தான் மகாத்மா காந்தி. இவ்வளவையும் தமது சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு எப்போது வாய் திறந்தது? 1893-ஆம் வருஷம், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில். அங்கே இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் சத்தியம் தவறாமல் நடக்க வேண்டியதைப் பற்றி அவர் பேசினார். தம் வாழ்க்கையின் முதற் பொதுப் பிரசங்கம் என்று அவர் சொல்வது இதைத்தான். தடுமாற்றம் இல்லை, நடுக்கம் இல்லை. பேச்சோடு நிற்கவும் இல்லை; இங்கிலீஷ் கற்க விரும்புகிறவர்களுக்குத் தாமே கற்றுத் தருவதாகச் சொன்னார்; ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு கடைக்காரர் ஆக மூன்று பேர் அவரிடம் பாடம் படித்தார்கள்.

இடையில் என்ன மாறியது? அவருடைய தொண்டை மாறவில்லை, குரல் மாறவில்லை. லண்டனில் பேச எழுந்தபோது, ‘நான் எப்படிப் பேசப் போகிறேன்?’ என்ற கவலை அவரைப் பிடித்திருந்தது. பிரிட்டோரியாவில், ‘இந்த ஜனங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்ற கவலை பிடித்தது. முதற் கவலை வாயை அடைத்தது. இரண்டாவது கவலை வாயைத் திறந்தது.

இரண்டாமவர் சுவாமி விவேகானந்தர். அதே 1893-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி சிகாகோ சர்வமத மகாசபையில் அவர் பேசியது உலகப் பிரசித்தம். பிரசித்தமாகாத சங்கதி ஒன்று இருக்கிறது. அன்று காலையில் அவர் பேசவே இல்லை! மற்றவர்கள் எல்லோரும் பிரசங்கங்களை எழுதி எடுத்துக் கொண்டு வந்திருந்தார்கள். தாம் ஒன்றும் கொண்டு வராததை நினைத்து அவருக்கு நெஞ்சு படபடத்தது, நாக்கு உலர்ந்தது. காலையில் பேசத் துணியாமல் பிற்பகலுக்குத் தள்ளிப் போட்டார். சென்னையிலிருந்த தம் சீடர் அளசிங்கப் பெருமாளுக்குச் சுவாமிகளே இதை எழுதினார். 1897-இல் அவர் பாம்பனில் இறங்கி, இராமநாதபுரம், மதுரை வழியாகச் சென்னைக்குப் போனபோது ஊருக்கு ஊர் ஜனங்கள் கூடி அவர் பேச்சைக் கேட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன் நாக்கு உலர்ந்து போயிருந்தவரின் பேச்சுதான் அது.

ஆகவே நேயர்களே, மேடையில் உங்களுக்கு நடுக்கம் வந்தால் வெட்கப்பட வேண்டாம். மிகவும் கௌரவமான கூட்டத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்று சந்தோஷப்படுங்கள்!

* * *

நடுக்கம் போவதற்கு மருந்து என்ன? அதைத் திருவள்ளுவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திருக்குறளில் 72-வது அதிகாரம் ‘அவையறிதல்’. 73-வது அதிகாரம் ‘அவையஞ்சாமை’. அதிகாரங்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சபையை அறிந்து கொள். பிறகு அச்சம் போகும். நாம் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம். எதிரே இருப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவை என்பதைக் கவனியாமல், தைரியம் மட்டும் முதலில் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வந்தால்தானே?

சபையை அறிவது என்றால் என்ன என்பதற்கு மதுரை நகரமே ஒரு சாட்சி சொல்லும். 1921-ஆம் வருஷம் செப்டம்பரில் காந்திஜி ரயிலில் மதுரைக்கு வந்து கொண்டிருந்தார். வண்டியிலிருந்த ஜனங்கள் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைப் பார்த்து, கதர் கட்டும்படி அவர்களிடம் சொன்னார். “கதர் வாங்க எங்களுக்கு ஏது பணம்?” என்று அவர்கள் பதில் சொன்னார்கள். சாமானியப் பிரசங்கியாயிருந்தால், அந்தப் பதிலை மறுத்து மேலும் அரைமணி நேரம் பேசியிருப்பார். காந்திஜி அந்தப் பதிலை மனத்தில் வாங்கிக் கொண்டார். அதில் இருந்த உண்மை அவரை உறுத்தியது. செப்டம்பர் 22-ந் தேதி காலையில், மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து முழங்கால் அளவுத் துண்டு மட்டும் உடுத்தி வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் ஜனங்கள் முன் அவர் முதலில் தோன்றிய இடத்துக்குக் காந்திப் பொட்டல் என்றே பெயர் வந்துவிட்டது. பேச வந்தவர், கேட்க வந்தவர்களுடைய வார்த்தையைக் கேட்டுத் தாம் மாறினார். அதற்கப்புறம் அவர் ஏறிய ஒவ்வொரு மேடையிலும், வாய் திறப்பதற்கு முன்பே அந்தத் துண்டு பாதிப் பிரசங்கத்தைச் செய்துவிட்டது.

கே.கே. நகர்வாசிகளுக்குத் தமுக்கம் வெகு தூரமில்லை. ராணி மங்கம்மாளின் அந்தப் பழைய அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஜவாஹர்லால் நேரு 1959 ஏப்ரல் 15-ந் தேதி திறந்து வைத்தது. மேடைக் கூச்சம் உள்ள பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போய், ‘இவருக்கும் ஒரு காலத்தில் பேச வராது’ என்று சொல்லிக் காட்டுங்கள்.

* * *

நிற்க. தத்துவம் போதும், காரியத்துக்கு வருவோம். சபையில் பேச வேண்டியிருந்தால் என்ன செய்வது?

முதலாவது, எந்தப் பேச்சுக்கும் ஒரே ஒரு விஷயம் போதும். ‘இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் எதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்?’ என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையானால் உங்களுக்கே விஷயம் தெளியவில்லை என்று அர்த்தம். மழைத் தண்ணீரைப் பற்றிப் பேச எழுந்தவர், நாய்த் தொல்லை, மின்சார வெட்டு, நாட்டில் ஒழுக்கம் குறைந்து போனது ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டால், கேட்பவர் ஒன்றையும் குறித்துக் கொள்ள மாட்டார்.

இரண்டாவது, பொதுப்படையாகப் பேசாதீர்கள். ‘எங்கள் பகுதி புறக்கணிக்கப்படுகிறது’ என்பது புலம்பல். ‘எங்கள் தெருவில் மூன்றாவது மின்கம்பத்துக்கு அருகில் கால்வாய் அடைத்துக் கொண்டிருக்கிறது, மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது, குழந்தைகள் அதில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்’ என்பது பேச்சு. முதலாவதற்கு அதிகாரி தலையை ஆட்டுவார். இரண்டாவதற்குப் பேனாவை எடுப்பார்.

மூன்றாவது, நெட்டுருப் போடாதீர்கள். நெட்டுருப் போட்ட பேச்சு பூமாலை மாதிரி. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் எல்லாப் பூவும் கொட்டிப் போகும். குறிப்புகள் நாலைந்தை ஒரு சிறு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்து கொள்ளலாம். ஏறுகிற படியும் இறங்குகிற படியும் உறுதியாயிருந்தால், நடுவில் சற்றுத் தள்ளாடினாலும் விழ மாட்டோம். அலுவலகங்களில் திரையில் படம் காட்டிப் பேசுகிறவர்களுக்கும் இதே விதிதான். திரையில் உள்ளதை வரி வரியாக வாசிப்பதற்கு நீங்கள் எதற்கு? அதை அவர்களே வாசித்துக் கொள்வார்களே!

நான்காவது, உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். மனத்துக்குள் பேசிப் பார்ப்பது, தரையில் படுத்துக் கொண்டு நீச்சல் பழகுவதற்குச் சமானம். கிரேக்க தேசத்து டெமாஸ்தனிஸ், வாயில் கூழாங்கற்களைப் போட்டுக் கொண்டு பேசிப் பழகினார் என்றும், மேட்டில் ஓடிக் கொண்டே பிரசங்கம் செய்து மூச்சைப் பலப்படுத்தினார் என்றும் புளூடார்க் எழுதுகிறார். நமக்குக் கூழாங்கல் வேண்டியதில்லை. தினம் கால் மணி நேரம் ஏதாவது ஒரு நல்ல வசன நூலை உரக்கப் படித்தால் போதும். ழகரமும் ளகரமும் லகரமும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். மூச்சு எங்கே விட வேண்டும் என்பதும் தானே தெரியும்.

ஐந்தாவது, எழுந்தவுடன் ஆரம்பித்துவிடாதீர்கள். நின்று, மூச்சு விட்டு, சபையை ஒரு சுற்றுப் பார்த்து, முகம் கொடுத்துக் கேட்கிறவர் யாராவது ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடம் சொல்வது போலத் தொடங்குங்கள். ஒருவரிடம் பேசத் தெரிந்தவனுக்கு ஆயிரம் பேரிடமும் பேச வரும். ஒலிபெருக்கியை விரலால் தட்டிப் பார்ப்பதும், அதை விழுங்கிவிடுவது போல வாயருகில் வைத்துக் கொள்வதும் வேண்டாம். சற்று விலகியே நில்லுங்கள். கத்துகிற வேலையை அது பார்த்துக் கொள்ளும்.

ஆறாவது, ‘அவர்களே’ வியாதியிலிருந்து தப்புங்கள். நமது மேடைகளில் பேச்சாளர் ஒருவருக்குப் பத்து நிமிஷம் கொடுத்தால், ‘மாண்புமிகு இன்னார் அவர்களே, பெருமதிப்பிற்குரிய இன்னார் அவர்களே’ என்று மேடையிலுள்ளோரை ஒவ்வொருவராக அழைப்பதிலேயே நாலு நிமிஷம் போய்விடுகிறது. பொன்னாடை போர்த்துவதில் இன்னும் இரண்டு நிமிஷம். மிச்சத்தில், ‘நேரமின்மை காரணமாக’ என்று மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு நிமிஷம். விஷயத்துக்கு எஞ்சுவது மூன்றே நிமிஷம்! தலைவருக்கும் சபையோருக்கும் ஒரே வணக்கமாகச் சொல்லிவிட்டால் மரியாதைக்கு ஒன்றும் குறைவு வந்துவிடாது.

ஏழாவதும் கடைசியும்: ‘கடைசியாக’ என்று சொன்னால் அது கடைசியாகவே இருக்க வேண்டும்.

* * *

எந்த நடையில் பேசுவது என்று சிலர் கேட்கலாம். எதுகை மோனையுடன் அடுக்கிப் பேசினால்தான் பேச்சு என்ற எண்ணம் நம்மவர்களில் பலருக்கு உண்டு. அறிஞர் அண்ணாதுரை அப்படிப் பேசினார். அவருக்கு அது அழகாயிருந்தது. கேட்க ஜனங்கள் திரண்டார்கள். ஆனால் அதே காலத்தில் காமராஜர் இருந்தார். தீரர் சத்தியமூர்த்தியின் சீடர் அவர். குரு தமிழிலும் இங்கிலீஷிலும் சண்டமாருதம். சீடரோ விருதுநகர்க் கடைவீதியில் பேசுவது போலவே மேடையிலும் பேசினார். அலங்காரமே இல்லை. அவர் பேச்சைக் கேட்கவும் ஜனங்கள் திரண்டார்கள். 1954 முதல் 1963 வரையில் முதன்மந்திரியாகவும் இருந்தார். இருவருடைய நடையும் வேறு. ஆனால் தங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. காமராஜர் அண்ணாவைப் போலப் பேச முயன்றிருந்தால் அதைக் கேட்க யார் வந்திருப்பார்கள்?

மதுரைக்காரர்களுக்கு இதற்கு வேறு உதாரணமும் வேண்டுமா? பட்டிமண்டபம் என்ற பெயர் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிற பழம் பெயர். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் அதற்குப் புத்துயிர் கொடுத்தது. அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியராயிருந்த சாலமன் பாப்பையா அதை வீடு தோறும் கொண்டு சேர்த்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் புலமையை மறைத்து வைத்துக் கொண்டு, மதுரை வட்டாரத்துக் குடியானவர் பேசுகிற தமிழில் பேசுகிறார். படித்தவரும் சிரிக்கிறார், படியாதவரும் சிரிக்கிறார், சிரித்து முடித்த பிறகு இருவரும் யோசிக்கிறார்கள்.

* * *

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி நடக்கிறது. தகப்பனார் எழுதிக் கொடுக்கிறார். தாயார் நெட்டுருப் போட வைக்கிறார். குழந்தை கையை நீட்டி மடக்கி, கண்ணை உருட்டி, தனக்கு அர்த்தம் தெரியாத வார்த்தைகளை ஒப்பித்துப் பரிசு வாங்கி வருகிறது. எல்லோருக்கும் பரம சந்தோஷம். ஆனால் இதில் குழந்தை கற்றுக் கொண்டது என்ன? பேச்சு என்பது பிறர் எழுதிக் கொடுத்ததைச் சொல்வது, சபை என்பது மார்க்குப் போடும் இடம், தவறினால் அவமானம். இந்த மூன்று பாடங்களும் அடிமனத்தில் தங்கிவிடுகின்றன. இருபது வருஷம் கழித்துப் பகுதி சபையில் கடைசி வரிசையில் போய் உட்காருகிறவர் இந்தக் குழந்தைதான்.

இதற்கு மாறாக, வாரம் ஒரு நாள் இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலேயே ஒரு சபை கூட்டுங்கள். பாட்டி அக்கிராசனர். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். குழந்தை தான் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி எழுந்து நின்று சொல்லட்டும்: கண்மாயில் வந்து இறங்கிய பறவை, பஸ்ஸில் நடந்த சண்டை, வகுப்பில் தனக்கு அநியாயம் என்று பட்ட ஒரு சங்கதி, எதுவானாலும் சரி. மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். முக்கியமாக, வீட்டுப் பெண்மணிகளுக்கும் இதில் சம பங்கு வேண்டும். குடிதண்ணீர் வராத துன்பத்தையும் குப்பை வண்டி வராத சங்கடத்தையும் முதலில் அனுபவிப்பவர்கள் அவர்கள். சபையில் அதை எடுத்துச் சொல்ல மாத்திரம் ஆண்பிள்ளைகளை அனுப்புவது என்ன நியாயம்? சொந்த அனுபவத்தைச் சொல்லும்போது யாருக்கும் வார்த்தைக்குப் பஞ்சம் வருவதில்லை.

கூச்சம் அடியோடு போய்விடுமா என்று கேட்டால், போகாது, போகவும் வேண்டாம். தம்முடைய கூச்சம் தமக்கு நஷ்டமாக முடியவில்லை என்று காந்திஜி எழுதுகிறார். யோசியாமல் ஒரு வார்த்தையும் விடக்கூடாது என்ற சிக்கனத்தை அதுதான் தமக்குக் கற்றுக் கொடுத்தது என்பது அவர் கருத்து. மடை திறந்தாற் போலப் பேசுகிறவர்களுக்கு நமது தேசத்தில் ஒரு நாளும் குறைவிருந்ததில்லை. குறைவாயிருப்பது, விஷயம் தெரிந்து, சற்றுத் தயங்கி, ஆனாலும் எழுந்து நின்று, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறவர்கள்தான். அவர்களுடைய இரண்டு நிமிஷத்துக்காக எத்தனையோ சபைகள் காத்துக் கொண்டிருக்கின்றன.